பெருந்தொற்றுக் கால அரசு நிதி உதவி: தென்னாப்பிரிக்காவில் கடை வைத்திருப்பவர்களும் சொந்தத் தொழில் செய்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கங்களில் சிறு கடைகளுக்கும் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது வந்த கேள்விகளில் பாதி இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பழைய பணத்தை இப்போது வாங்க முடியுமா, தணிக்கைக் கடிதம் வந்தால் என்ன செய்வது, இன்னொரு முறை இப்படி நடந்தால் எங்கே போய் நிற்பது என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் நான் பார்த்தவரை, யாருடைய பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்ததோ அவர்களைத் தேடித்தான் பணம் போனது. யாருக்கு எவ்வளவு நட்டம் என்பது அதற்குப் பிறகுதான் பார்க்கப்பட்டது. கீழே உள்ள பதில்களை அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

அரசு மொத்தத்தில் என்னதான் அறிவித்தது?

2020 மார்ச் 15 அன்று தேசியப் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 21 அன்று அதிபர் சிரில் ராமபோசா 50,000 கோடி ராண்ட் மதிப்புள்ள நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். அந்தத் தொகையைக் கேட்டதும் எல்லாருக்கும் கையில் பணம் வரும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அதில் 20,000 கோடி வங்கிக் கடனுக்கான உத்தரவாதம். வரிச் சலுகையும் தள்ளிவைப்பும் இன்னொரு பெரிய பகுதி. ஏற்கெனவே அரசு உதவித்தொகை வாங்கியவர்களுக்குச் சில மாதம் கொடுத்த கூடுதலை விட்டுவிட்டால், ரொக்கமாக மக்கள் கைக்கு வந்தவை முக்கியமாக இரண்டு: வேலையாட்களுக்கான டெர்ஸ், வருமானமே இல்லாதவர்களுக்கான 350 ராண்ட் உதவித்தொகை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் தனியாகத் தொழில் செய்பவர்கள்.

டெர்ஸ் என்பது என்ன? எப்படிக் கணக்கிட்டார்கள்?

வேலையிழப்புக் காப்பீட்டு நிதி, அதாவது யூஐஎஃப், ஊரடங்கால் வேலை நின்றவர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பங்கைக் கொடுத்த திட்டம் அது. விண்ணப்பித்தது முதலாளி. பணமும் பெரும்பாலும் முதலாளியின் கணக்குக்கே வந்தது. அதை அவர் வேலையாட்களுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஆதாரத்தை நிதிக்கு அனுப்ப வேண்டும்.

சம்பளம் குறைவாக இருந்தால் 60 சதவீதம் வரை, கூடக் கூட 38 சதவீதம் வரை இறங்கும் ஒரு கணக்கு. மாதம் 17,712 ராண்டுக்கு மேல் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்த 17,712-ஐ வைத்துத்தான் பார்த்தார்கள். ஆகவே ஒருவருக்கு அதிகபட்சம் மாதம் சுமார் 6,730 ராண்ட். குறைந்தபட்சம் 3,500. சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், சுமார் 8,000 ராண்ட் வரை சம்பளம் வாங்கியவர்களுக்கு வரும் தொகை 3,500-ஐத் தாண்டாது. எனவே கடைப் பையனுக்கும் சமையலறை உதவிக்கு இருந்த அம்மாவுக்கும் அந்த 3,500தான் கிடைத்தது. 12,000 சம்பளம் வாங்கிய மேற்பார்வையாளருக்கு ஏறக்குறைய 4,900.

குறைகள் எத்தனை இருந்தாலும், இந்தத் திட்டம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 6,000 கோடி ராண்டுக்கு மேல் இந்த வழியில் வெளியே போனது.

மாதாமாதம் யூஐஎஃப் கட்டினேன். ஆனாலும் என் வேலையாட்களின் பெயர் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏன்?

எங்கள் பக்கத்தில் மிக அதிகம் பேரை அடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பங்களிப்பு கட்டுவது ஒரு வேலை. யாருக்காகக் கட்டினோம் என்று அறிவிப்பது வேறொரு வேலை. வேலையாளின் சம்பளத்தில் 1 சதவீதம், முதலாளியிடமிருந்து 1 சதவீதம், ஆக 2 சதவீதத்தைப் பெரும்பாலான கடைக்காரர்கள் இஎம்பி-201 படிவத்தோடு வரித்துறையான சார்ஸிடம் கட்டுகிறார்கள். அந்தப் படிவத்தில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். எந்தப் பெயருக்கு எவ்வளவு, அடையாள எண் என்ன, எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்பதையெல்லாம் யூஐ-19 படிவத்தில் எழுதி யூஐஎஃப் அலுவலகத்துக்கோ அதன் இணையதளமான யூஃபைலிங் வழியாகவோ தனியாக அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 7ஆம் தேதி.

பணத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டு யூஐ-19 அனுப்பாமல் விட்டவர்கள் ஏராளம். சிலர் பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய பட்டியலையே அப்படியே விட்டிருந்தார்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் அதில் இருக்கும், புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் இருக்காது. நிதியிடம் பணம் இருக்கிறது, பெயர் இல்லை. அதனால் உரிமை இருந்தும் பல வாரங்கள் கையில் காசில்லாமல் நின்ற வேலையாட்களை எனக்குத் தெரியும். அடையாள எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலே போதும், விண்ணப்பம் நின்றுவிடும்.

2020 மே மாதக் கடைசியில் விதியை மாற்றினார்கள். முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும், சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டிய வேலையாள் உதவி கேட்கலாம் என்று ஆனது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்குள் ஊரடங்கின் மிகக் கடினமான இரண்டு மாதங்கள் போய்விட்டன.

நான் தனியாக வேலை செய்கிறேன். டெர்ஸ் எனக்கு ஏன் வரவில்லை?

யூஐஎஃப் வேலையாட்களுக்கான காப்பீடு. தனியாகத் தையல் கடை வைத்திருப்பவர், வாடகைக்கார் ஓட்டுபவர், வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்பவர் யாருக்கும் அதில் இடம் இல்லை. கட்ட விரும்பினாலும் வழி இல்லை. முழுக்க முழுக்க கமிஷனில் வாழும் விற்பனையாளரும், ஒரே இடத்தில் மாதம் 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவரும்கூடச் சட்டத்துக்கு வெளியேதான்.

இதனால் ஒரே சமையலறையில் இரண்டு நிலைமை. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஓர் அக்கா, தன் உதவியாளர்களுக்கு ஒழுங்காக யூஐஎஃப் கட்டியிருந்தால், அவர்களுக்கு 3,500 வாங்கிக் கொடுக்க முடிந்தது. அவருக்கென்று ஒரு காசும் வராது. அடுப்பு, பாத்திரம், வண்டித் தவணை எல்லாம் அவர் பெயரில், வருமானம் பூச்சியம். இது நியாயம் இல்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். தனியாகத் தொழில் செய்பவர்கள் விரும்பிச் சேரக்கூடிய ஒரு காப்பீடு இந்த நாட்டுக்குத் தேவை.

அப்படியானால் 350 ராண்ட்?

அதை அரசின் சமூக உதவித்தொகை முகமையான சாசா கொடுத்தது, 2020 மே மாதத்திலிருந்து. வேறு வருமானமோ உதவித்தொகையோ யூஐஎஃப் பணமோ இல்லாத, 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. வாட்ஸ்அப்பிலும் சாதாரணக் கைபேசியின் குறுங்குறியீட்டிலும் விண்ணப்பிக்கலாம். காகிதம் எதுவும் வேண்டாம் என்பது அதன் பெரிய நன்மை. தொழில் அடியோடு நின்றுபோன சொந்தத் தொழில்காரர்களும் அதனால் இதைக் கேட்க முடிந்தது. பணம் வாங்க அஞ்சல் நிலைய வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது.

மறுக்கப்பட்டவர்களும் நிறைய. சாசா விண்ணப்பதாரரின் அடையாள எண்ணை யூஐஎஃப், சார்ஸ் தரவுகளோடு ஒப்பிட்டது. அந்தத் தரவு பழையதாக இருந்தால், எப்போதோ வேலையை விட்டவர்கூட இன்னும் வேலையில் இருப்பதாகத் தெரியும்.

குழந்தை உதவித்தொகை வாங்கும் தாய்மார்களின் நிலை இன்னும் மோசம். பிள்ளைக்கு வரும் பணத்தைக் காரணம் காட்டி, தாய்க்கு 350 கிடையாது என்று முதலில் சொன்னார்கள். சந்தையில் கீரையும் பூவும் விற்கும் பெண்களில் பலர் இந்த விதியால் வெளியே தள்ளப்பட்டார்கள். 2021 ஆகஸ்டில் திட்டம் மீண்டும் வந்தபோதுதான் அவர்களைச் சேர்த்தார்கள்.

இந்தத் தொகை 2024 ஏப்ரலில் 370 ஆனது. 2022 ஆகஸ்டிலிருந்து வருமான வரம்பு மாதம் 624 ராண்ட். வங்கிக் கணக்கில் வரும் பணத்தையும் பார்க்கிறார்கள். அண்ணன் அனுப்பிய வீட்டு வாடகைகூட உங்கள் வருமானமாக எண்ணப்படலாம். ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒரு மாதம் மறுத்தால் அந்த மாதத்துக்கென்று மேல்முறையீடு செய்யுங்கள். அது ஒரு தனித் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

எங்கள் பிழைப்பு கோவிலையும் கல்யாணத்தையும் நம்பியது. எங்களுக்கென்று ஏதாவது இருந்ததா?

கிட்டத்தட்ட எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

2020இல் புனித வெள்ளி ஏப்ரல் 10. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். பூ, தேங்காய், கற்பூரம், பாத்திரம், பொம்மை, தீனி என்று அந்தச் சில நாள் வியாபாரத்தை நம்பி இருப்பவர்கள் பலர். அந்த ஆண்டு எல்லாக் கதவும் மூடியிருந்தது. அடுத்த தைப்பூசம் 2021 ஜனவரி 28 அன்று வந்தது. டிசம்பர் கடைசியில் அறிவித்த தடை அப்போதும் நீடித்தது, இறுதிச் சடங்கு தவிர வேறு கூட்டத்துக்கு அனுமதி இல்லை. நான்கு நாள் பொறுத்து, பிப்ரவரி 1 அன்றுதான் வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தளர்வு வந்தது. காவடி கட்டித் தருபவரும், நாகஸ்வரமும் தவிலும் வாசிப்பவரும், பந்தல் போடுபவரும் இரண்டு பருவங்களை இப்படி இழந்தார்கள்.

இசைக் கலைஞர்கள் விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை ஒதுக்கிய 15 கோடி ராண்ட் நிவாரணத்தைக் கேட்டிருக்கலாம். அதற்கு ரத்தான நிகழ்ச்சியின் ஒப்பந்தமோ கடிதமோ வேண்டும். நம் ஊரில் கல்யாணத்துக்கு வாசிக்க வரச் சொல்வது தொலைபேசியில், வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து. அதற்கு எங்கே ஒப்பந்தம்? தொழில் நிஜம், நட்டம் நிஜம், காட்டக் காகிதம் இல்லை.

காய்கறி விற்பவர்களின் நிலை இவர்களைவிட ஓரளவு பரவாயில்லை. முதலில் அவர்களையும் நிறுத்தினார்கள். 2020 ஏப்ரல் 2 அன்று விதி மாறி, நகராட்சி அனுமதிச் சீட்டு உள்ள தெருவோர உணவு வியாபாரிகள் விற்கலாம் என்று ஆனது.

வங்கிக் கடன் உத்தரவாதம் யாருக்குப் பயன்பட்டது?

20,000 கோடி ராண்ட் என்று அறிவித்த அந்தத் திட்டத்தில் கடைசியில் கடனாகப் போனது சுமார் 1,800 கோடிதான். 2020 மே மாதம் தொடங்கி 2021 ஜூலையில் முடிந்தது. சம்பளம், வாடகை, சரக்குக் காசு போன்ற செலவுகளுக்கு மட்டும் கடன். வட்டி, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் விகிதத்தில். திருப்பிக் கட்ட 60 மாதம்.

உத்தரவாதம் அரசினுடையது என்றாலும், கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது வங்கி. வழக்கம்போல ஆண்டுக் கணக்கு, வரிச் சான்று, உரிமையாளரின் சொந்தப் பிணை எல்லாம் கேட்டார்கள். கடை எப்போது திறக்கும் என்றே தெரியாதவர் கடன் வாங்கத் துணியவில்லை. அந்தத் தயக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். ஒரு மாதச் செலவைச் சமாளிக்க ஐந்து வருடக் கடன் எடுப்பது எல்லாருக்கும் பொருந்தாது.

தவணை விடுமுறை என்று வங்கிகள் கொடுத்தது வேறு. அதில் தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி அடுத்தடுத்து வட்டியைக் குறைத்து 2020 ஜூலையில் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 3.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுக் கடன், வண்டிக் கடன் உள்ளவர்களுக்கு அது நேரடியாகவே உதவியது.

சிறுதொழில் துறையின் கடன் நிவாரணத்தில் எனக்கு இடம் இருந்ததா?

நிறுவனம் முழுவதும் தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்குச் சொந்தமாக இருந்து, வேலையாட்களில் 70 சதவீதம் பேர் குடிமக்களாக இருந்து, வரிக் கணக்கு ஒழுங்காக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான செஃபா வழியாக வந்த அது குறைந்த வட்டிக் கடன், மானியம் அல்ல.

தனியார் நிதிகள்?

ரூபர்ட் குடும்பம் 100 கோடி ராண்ட் கொடுத்து சுகுமா நிவாரணத் திட்டம் வந்தது. ஓப்பன்ஹைமர் குடும்பத்தின் 100 கோடியில் தென்னாப்பிரிக்க எதிர்கால அறக்கட்டளை வந்தது. இரண்டாவது, வேலையாளுக்கு நேரடியாக வாரம் 750 ராண்ட் வீதம் 15 வாரம் கொடுத்தது. திருப்பிக் கட்டும் பொறுப்பு முதலாளியுடையது, ஐந்து ஆண்டு, வட்டி இல்லை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் கணக்கு முழுவதும் தீர்ந்துவிட்டதா என்று தங்கள் வங்கியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலாத் தொழில் நிவாரணத்தில் நிறப் பாகுபாடு வழக்கு என்று கேள்விப்பட்டேன். அது என்ன ஆயிற்று?

20 கோடி ராண்ட் நிதியில் ஒரு நிறுவனத்துக்கு 50,000 வரை கொடுத்தார்கள். கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுத் தகுதியை, அதாவது தொழிலில் கறுப்பின மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்கும் மதிப்பீட்டை, அளவுகோலாக வைத்ததை எதிர்த்து வழக்கு. பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் அந்த அளவுகோல் சரி என்று வழக்கைத் தள்ளியது. 2021 செப்டம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவுகோல் சட்டப்படி செல்லாது என்றது. அதற்குள் நிதி கொடுத்து முடிந்திருந்தது.

வரியில் என்ன சலுகை கிடைத்தது?

ஆண்டு விற்பனை 10 கோடி ராண்டைத் தாண்டாத, வரிக் கணக்கு ஒழுங்காக இருந்தவர்களுக்கு, வேலையாட்களின் வருமான வரிப் பிடித்தத்தில் 35 சதவீதத்தை 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை தள்ளி வைக்க அனுமதித்தார்கள். செப்டம்பரிலிருந்து ஆறு தவணையில் கட்ட வேண்டும். தள்ளுபடி என்று நினைத்துக் கட்டாமல் விட்டவர்களுக்கு வட்டியும் அபராதமும் ஏறியது. உங்கள் சார்ஸ் கணக்கு அறிக்கையில் அந்த மாதங்களைப் பாருங்கள்.

டெர்ஸ் பணத்துக்கு வரி உண்டா?

யூஐஎஃப் கொடுக்கும் பணத்துக்கு வேலையாள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு?

2018 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வேலையாட்களும் யூஐஎஃப் பங்களிப்பாளர்கள். எனவே டெர்ஸ் உரிமை அவர்களுக்கும் இருந்தது. அடையாள எண்ணுக்குப் பதில் கடவுச்சீட்டு எண் போட்ட விண்ணப்பங்கள் ஆரம்பத்தில் கணினியில் சிக்கி நின்றன, அதனால் தாமதம். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புது எண்ணை உடனே முதலாளியிடம் கொடுத்து யூஐ-19இல் மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது டெர்ஸுக்கு விண்ணப்பிக்க முடியுமா?

முடியாது, பெருந்தொற்றுக் கால டெர்ஸை மூடிவிட்டார்கள். பழைய டெர்ஸ் பணத்தை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

என் முதலாளி என் பெயரில் பணம் வாங்கி எனக்குத் தரவில்லை என்று சந்தேகம். என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் அடையாள எண்ணோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரில் எந்தெந்த மாதத்துக்கு டெர்ஸ் போயிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாளி ஊரடங்கின்போது கொடுத்த சம்பளத்தை டெர்ஸ் பணத்தில் கழித்துக்கொண்டிருக்கலாம், அதற்கு விதியில் இடம் இருந்தது. அப்படிக் கழித்த கணக்கும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள். சொந்தக்காரர் கடையாயிற்றே என்று வாய்மூடி இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது உங்கள் பணம்.

யூஐஎஃப் தணிக்கை என்று கடிதம் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பணத்தைக் கொடுத்தீர்கள் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. இறந்தவர்கள், சிறையில் இருப்பவர்கள், வயது வராதவர்கள் பெயரில் எல்லாம் பணம் போயிருப்பதை 2020 செப்டம்பரில் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்டார். அதிலிருந்து நிதி பணம் வாங்கிய முதலாளிகளை ஒவ்வொருவராகச் சரிபார்க்கிறது.

கேட்பது இவைதான்: வேலையாள் உங்களிடம் வேலை பார்த்தார் என்பதற்கான ஒப்பந்தமோ சம்பளச் சீட்டோ, டெர்ஸ் வந்த நாளின் வங்கி அறிக்கை, அதை அவருக்கு அனுப்பிய ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவர் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். அது இல்லையென்றால் இப்போதே அவரைத் தேடி, பிரமாணப் பத்திரம் வாங்கி வையுங்கள். ஊரை விட்டுப் போனவருக்கான பணம் உங்கள் கணக்கிலேயே தங்கியிருந்தால் யூஐஎஃப்புக்குத் திருப்பி அனுப்புங்கள், அனுப்பிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனம் ஊரடங்கு நட்டத்தைக் கொடுக்காது என்று சொன்னது. சரியா?

பாலிசியைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். வியாபாரத் தடைக் காப்பீட்டில் தொற்றுநோய் என்ற பிரிவு இருந்த ஓர் உணவகத்துக்கு ஆதரவாக 2020 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பிரிவு இல்லாத பாலிசிக்கு அது பொருந்தாது. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸிலும் டர்பன் நகரத்திலும் எரிந்த, சூறையான கடைகளின் கதை வேறு. சாதாரணப் பாலிசி கலவர நட்டத்தைக் கொடுக்காது. அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பு சேர்த்திருந்தவர்களுக்குத்தான் பணம் வந்தது. பாலிசியோடு சேர்த்து ஒரு சிறு தொகை கட்டினால் போதும். இன்றே உங்கள் முகவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு முறை இப்படி வந்தால் என் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

வேலையாள் ஒருவரே இருந்தாலும் யூஐஎஃப் பதிவு, மாதாமாதம் யூஐ-19. வீட்டு வேலைக்கு வருபவருக்கும் இது கட்டாயம், 2003இலிருந்து சட்டம் அப்படித்தான். அப்புறம் சார்ஸ் பதிவு. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்து வையுங்கள். போன வருடம் இவ்வளவு சம்பாதித்தேன், இந்த வருடம் இவ்வளவு குறைந்தது என்று காட்ட உங்களிடம் உள்ள ஒரே அரசுக் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் கலக்காதீர்கள். தெருவிலோ சந்தையிலோ விற்பவர் நகராட்சி அனுமதியைத் தன் பெயரிலேயே எடுக்க வேண்டும், மாமா பெயரில் உள்ள சீட்டு உங்களுக்கு உதவாது.

சமையல், பந்தல், பூ, இசை என்று விழாவை நம்பி இருப்பவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். தேதி, இடம், தொகை, வாங்கிய முன்பணம், இரண்டு கையெழுத்து. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, தேதியும் தொகையும் தெளிவாக இருந்தால் சரி. அதைக் கைபேசியில் படம் எடுத்து ஐந்து வருடம் வைத்திருங்கள்.